முருங்கப்பாக்கத்துக்குப் பிறகுதான் பயணம்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே சுமார் 22 கிலோமீட்டர். தினமும் போய்வருகிறவர்களிடம் கேட்டால் தூரத்தைச் சொல்ல மாட்டார்கள்; பஸ் எங்கே ஓடும், எங்கே ஊரும் என்றுதான் சொல்வார்கள். ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம் ஏறினால் காற்று வாங்கலாம். முள்ளோடையில் மதுக்கடைப் பலகைகள் வரிசைகட்டினால் மாநிலம் மாறிவிட்டது என்று பொருள். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் எல்லாம் பேச்சோடு பேச்சாகப் போய்விடும்.

முருங்கப்பாக்கம் வந்ததும் நான் எழுந்திருக்கப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்துகொண்டார். “உட்காருங்கள் தம்பி, பயணமே இனிமேல்தான்” என்றார். சரியாகத்தான் சொன்னார். மரப்பாலம் வரை சந்துக்குச் சந்து பைக்குகள் மூக்கை நீட்டுகின்றன. பஸ் நகர்கிறது, நிற்கிறது, மறுபடி நகர்கிறது. வந்த வழியில் இது சிறு துண்டுதான். மனம் ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

நெரிசல் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. 1980இல் அமெரிக்க உளவியலாளர்கள் சடல்லாவும் மேகலும் ஆய்வுக்கூடத் தரையில் நாடா ஒட்டிப் பாதை போட்டு ஆட்களை நடக்கவிட்டார்கள். நீளம் ஒன்றேயானாலும், திருப்பங்கள் அதிகமிருந்த பாதையே நீளமானது என்றார்கள் நடந்தவர்கள். அவர்கள் கேட்டது தூரத்தை. நேரத்துக்கும் இது பொருந்தும் என்பது என் கட்சி.

பாண்டி பஸ் நிலையத்தில் இறங்கிக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். ஆட்டோ என்றால் ஒருவழிப்பாதைகளுக்காக இங்கே திரும்பி, அங்கே வளைந்து, ஊரையே சுற்றியது போலிருக்கும். நான் நேரு வீதியில் நடப்பேன். பாரதி வீதி, காந்தி வீதி, மிஷன் வீதி என்று குறுக்குத் தெருக்கள் ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு கடந்தோம், எவ்வளவு மிச்சம் என்பது யாரையும் கேட்காமலே தெரியும். பெரிய வாய்க்காலைத் தாண்டினால் கிழக்கே போகும் தெருக்களின் முனையில் கடல். 1693இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் போட்ட கட்டம் இது. 1699இல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். நடப்பவனுக்கு ஏற்ற ஊர். வண்டிக்காரர்கள் ஏன் திட்டுகிறார்கள் என்பதும் புரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் கணக்கு செல்லாது. அன்று காந்தி வீதியில் சந்தை. சட்டைக் குவியலுக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே குறுக்கே கடப்பதற்குள், ஆட்டோவில் போனவர் கடற்கரையில் சுண்டலே வாங்கியிருப்பார்.