ஈசாப்பூர் 1943

ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு துப்பாக்கிச் சந்தையில், பழைய பயனெட்டும் தண்ணீர்க் குடுவையும் பரப்பியிருந்த மேசையோரம் அது சாய்ந்து கிடந்தது. தூக்கியதுமே கைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கல்லூரி என்.சி.சி.யில் தோளில் சுமந்த அதே 4 கிலோ, அதே மொட்டை மூக்கு. த்ரீ நாட் த்ரீ, அந்தப் பழைய .303 ரைஃபிள்.

"இங்கிலீஷ்காரனுடையது, முதல் உலகப்போர்" என்றார் விற்றவர். தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலை அடைக்கும் போல்ட்டின் பிடிக்குக் கீழே, தோளில் பதியும் பின்கட்டை வந்து சேரும் இரும்புப் பட்டையின் வலப்புறத்தில் அழுக்கு அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். ஒரு கிரீடம், கீழே ஜி.ஆர்.ஐ., அதற்கும் கீழே ஈசாப்பூர், 1943. ஜார்ஜ் மன்னரின் பெயரெழுத்தோடு ஐ சேர்ந்தால் இம்பெரேட்டர், பேரரசர் என்று பொருள். கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரைத் தொழிற்சாலையில் இரண்டாம் உலகப்போரின்போது செய்தது. நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் விலை ஏறுமோ என்ற பயம்தான்.

அவர் உரிமம் பெற்ற வியாபாரி. துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, அன்றே கையில் வந்தது. இங்கிருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், வேட்டை உரிமம் மாதிரியான விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. கிரீன் கார்டு வரும்வரை நான் ஆசையை அடக்கித்தான் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணெயைத் தொடவில்லை. டார்ச்சும் பூதக்கண்ணாடியும்தான் எடுத்தேன். ஈசாப்பூர் என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. 1960களில் அதே ஆலை 2ஏ, 2ஏ1 என்று 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு இதே உருவில் ரைஃபிள் செய்தது. அவற்றின் மேகசின் 12 தோட்டா பிடிக்கும், அடிப்பக்கம் சதுரமாக இருக்கும். என்னுடையது 10 தோட்டா, அடி சரிந்தது. எனவே .303 தான்.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது இன்னொன்று. ஆங்கிலேயர் காலத்தில் போலீஸுக்கும் காவலர்களுக்கும் கொடுக்க, பழைய .303 ரைஃபிள்களின் குழலைக் குடைந்து, குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகளை அழித்து, .410 மஸ்கட்டாக மாற்றினார்கள். மேகசின் இருக்கும் இடத்தில் மரக்கட்டை, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. மேகசினைப் பிறகு யாரும் மாட்டிவிடலாம். என் குழலுக்குள் பார்த்தால் தார் பூசினது மாதிரி இருந்தது, வரியே தெரியவில்லை. கரைப்பானில் நனைத்த துணியை நாலைந்து முறை இழுத்த பிறகுதான் இடப்பக்கமாகச் சுழன்று போகும் ஐந்து வரிகள் வெளிச்சத்தில் எழுந்தன. அப்போதுதான் போய்க் காபி போட்டேன்.

குழலிலும் உடலிலும் ஒரே எண். போல்ட்டில் பழைய எண்ணை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் இந்த ரைஃபிளின் எண்ணை வெட்டியிருந்தார்கள். சேகரிப்பவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பிடித்தது, யாரோ ஒரு ஆர்மரர், ராணுவத் துப்பாக்கி மெக்கானிக், உட்கார்ந்து ஜோடி சேர்த்திருக்கிறார். பின்கட்டையில் எஸ் என்று ஒரு எழுத்து. குட்டைக் கட்டை என்று பொருள். பி, எஸ், எல் என்று, சிப்பாயின் கை நீளத்துக்கு ஏற்பச் சட்டை அளவு மாதிரி கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அளவாக இருந்தது.

இவ்வளவு பொறுமையாகப் பார்த்தவன், கழற்றும்போது புத்தியைக் கடன் கொடுத்துவிட்டேன். பின்கட்டையின் முனையில் உள்ள பித்தளைத் தட்டில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, உள்ளே இருந்த தோல் அடைப்பை எடுத்துவிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரை விட்டு, பின்கட்டையை உடலோடு பிணைக்கும் திருகாணியைத் திருகினேன். டக் என்று ஒரு சத்தம். அந்தத் திருகாணியின் முனை சதுரம். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையின் பின்முனையில் இருக்கும் ஒரு தகடு அதைச் சுழலாமல் பிடித்திருக்கும். முன்கட்டையை இறக்காமல் திருகாணியைத் திருகினால் தகடு மரத்தைப் பிளக்கும். முன்கட்டை முதலில், பின்கட்டை அப்புறம். என்.சி.சி.யில் ஹவில்தார் போல்ட்டையும் மேகசினையும்தான் கழற்றிக் காட்டினார், கட்டையைத் தொடவிடவே இல்லை. காரணம் 25 வருடம் கழித்துப் புரிந்தது.

விரிசல் இரண்டு அங்குலம். எண்ணெய் ஊறிய மரத்தில் பசை ஒட்டாது. எண்ணெயை வெளியேற்ற ஹூஸ்டன் வெயில் உதவியது: கட்டைகளைக் காகிதத்தில் சுற்றி, கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டு, காரின் டாஷ்போர்டில் மத்தியானம் முழுக்க வைத்தேன். மாலையில் பிரித்தால் மரம் வியர்த்திருந்தது, காகிதம் முழுக்கப் பழுப்பு கிரீஸ். மூன்று நாள் இப்படி. கார் இன்னும் பட்டறை மாதிரி மணக்கிறது என்று வீட்டில் புகார். பிறகு விரிசலுக்குள் அசிட்டோன், எபாக்ஸி, குறுக்கே ஒரு பித்தளை ஊசி. பழைய ராணுவப் பழுதுகளிலும் இப்படிப் பித்தளை ஊசி இருக்கும். அதனால் என் தவறு பார்வைக்குப் பழசாகவே தெரிகிறது.

உப்புத்தாள் மட்டும் போடவே இல்லை. தேய்த்தால் அந்த எஸ் போய்விடும், பள்ளமும் கீறலும் போய்விடும், புதுக் கட்டிலின் கால் மாதிரி ஆகிவிடும். காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்தேன், தினம் ஒரு பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயவிட்டேன்.

சுடுவதற்கு முன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். .303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. போல்ட் தலைக்கும் குழலுக்கும் நடுவே அந்த விளிம்புக்கு உள்ள இடைவெளி கூடினால் வெடிக்கும்போது தோட்டாக் கூடு கிழியலாம். 0.064 அங்குல அளவுகோலில் போல்ட் மூடியது, 0.074இல் மூட மறுத்தது. 'சுடலாம்' என்று சொல்லி 40 டாலர் வாங்கிக்கொண்டார்.

ரேஞ்சில் 100 யார்டில் ஐந்து குண்டு. எல்லாமே குறிக்கு மேலே. அது துப்பாக்கியின் குற்றம் இல்லை, இதன் குறிபார்க்கும் சைட்டில் ஆகக் குறைந்த தூரமே 200 யார்டு. நான்கு குண்டுகள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. ஐந்தாவதில் டிரிகரை வெடுக்கென்று இழுத்துவிட்டேன், அது எங்கோ போனது.

அன்று ராத்திரி, குழலைத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றில் சிந்தியை மாட்டி இழுத்தேன். துணித்துண்டை என்.சி.சி.யில் சிந்தி என்றுதான் சொல்வோம், வேறு பெயர் வாயில் வரவில்லை. முதல் நான்கு கறுப்பு, ஐந்தாவது சாம்பல், ஆறாவது வெள்ளையாக வந்தது. கயிற்றைச் சுருட்டி, எண்ணெய்க் குப்பியோடு பின்கட்டைக்குள் தள்ளி, பித்தளைக் கதவைச் சாத்தினேன்.