புதிய முதலமைச்சருக்காக ஒரு ஜெபம்

தேர்தல் முடிவு வந்த மறு ஞாயிறு, ஈரோட்டில் எங்கள் ஆராதனையில், விரல் மை இன்னும் அழியாத பெரியம்மா ஒருவர், தாம் வாக்களிக்காத கட்சியின் தலைவருக்காகப் பெயர் சொல்லிக் கண்ணீரோடு ஜெபித்தார். மஞ்சள் மண்டியில் கூலி வேலை செய்பவர் அவர். நான் தலை குனிந்தேன்.

அதிகாரத்தில் உள்ளவர்களுக்குக் கீழ்ப்படியவும் வரி செலுத்தவும் அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு நிருபம் (கடிதம்) எழுதியது கொடுங்கோலன் எனப் பெயர்பெற்ற நீரோ மன்னன் ஆண்ட நாளில்தான். ஆள்பவர் நமக்குப் பிடித்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆனால் ஜெபம் என்பது வாய்மூடி இருப்பதற்கான சாக்கு ஆகாது. தாவீது ராஜாவின் முகத்துக்கு நேராக அவர் பாவத்தை நாத்தான் தீர்க்கதரிசி எடுத்துச் சொன்னதும் அதே வேதத்தில், 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆகவே புதிய முதலமைச்சருக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொள்ள முந்துகிற நம் சபைத் தலைவர்கள், நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயக்கழிவைப் பற்றியும் ஒரு மனு எழுதி எடுத்துச் செல்லட்டும்.