செவலை பாய்ந்த நாளிலிருந்து

மே 4, 2025, ஞாயிறு

காலையில் எங்கள் சேவல் செவலை என் மகள் மேல் பாய்ந்துவிட்டது. முட்டை எடுத்துக்கொண்டு திரும்பியவளைப் பின்னால் வந்து கெண்டைக்காலில் இரண்டு காலாலும் அடித்திருக்கிறது. அதன் கால் முள் குத்திய இடத்தில் இரண்டு துளை. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, கோழிக்கொட்டில் மண் பட்ட காயம் என்பதால் ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு எட்டு வயது. முட்டை எடுக்கக் குனிந்தால் சேவல் எம்பும் உயரத்தில்தான் அவள் கண் இருக்கும். அதை நினைத்து நினைத்து இன்று எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

அத்தை சொன்னது: "ஆடி நோம்பிக்கு அடிச்சுப்போடலாம் கண்ணு. எதுக்கு இதோட மல்லுக்கட்டிட்டு?"

மகள் அழுதுவிட்டாள். காலுக்காக அழவில்லை, அந்தப் பேச்சுக்காக.

மே 6

இது எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். போன வருடம் மார்ச்சில் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் கீரி கொண்டுபோக, மிஞ்சியது இந்த ஒன்றுதான். அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வீட்டுக்குள் வளர்த்தோம். மகள் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எங்களுக்கு அது அவ்வளவு செல்லம்.

கோழிகளோடு கோழியாக வளரும் சேவல்குஞ்சு பெரிய சேவலிடம் நாலு அடி வாங்கி, எங்கே ஒதுங்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளும். மனிதரைக் கண்டால் அதற்குக் கொஞ்சம் பயமும் இருக்கும். தனியாகக் கையில் வளர்ந்ததற்கு அந்த இரண்டுமே கிடைக்கவில்லை. பருவம் வந்ததும் நம்மையே போட்டிச் சேவலாக எடுத்துக்கொள்கிறது. மார்கழியிலேயே அடையாளம் தெரிந்தது. ஒரு பக்க இறக்கையைத் தரையில் தேய்த்தபடி என்னைச் சுற்றி வந்தது, செருப்பைக் கொத்தியது. விளையாடுகிறது என்று சிரித்தோம், காலால் தள்ளிவிட்டோம். தள்ளினால் அது சண்டைக்குப் பதில் சண்டை. மறுநாள் இன்னும் வேகமாக வந்தது.

மே 8

இப்போது நான் செய்வது இதுதான். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் பழைய முறம். அது கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு வந்தால் ஓடுவதில்லை, உதைப்பதில்லை, பின்வாங்குவதுமில்லை. முறத்தை முன்னால் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன். அதுவாக முகத்தைத் திருப்பி மண்ணைக் கொத்தத் தொடங்கிய பிறகுதான் நகர்கிறேன். அதற்கு முன்னால் நான் திரும்பிவிட்டால் ஜெயித்தது அதுதான்.

பாய்ந்தேவிட்டால் பிடித்து, இரண்டு இறக்கையும் அசையாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்து நிமிடம் கொட்டிலைச் சுற்றி வருகிறேன். துள்ளும்போது இறக்கிவிடக் கூடாது, உடம்பு தளர்ந்த பிறகுதான் இறக்க வேண்டும். அடிப்பதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

நேற்று ராத்திரி முள்ளையும் மழுக்கினேன். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாததால் அமைதியாகக் கையில் இருக்கும். முள்ளுக்குள்ளே உயிருள்ள எலும்பும் ரத்தமும் இருக்கிறது, ஒட்ட வெட்டினால் ரத்தம் கொட்டும். அரத்தால் நுனியை மட்டும் உருட்டிவிட்டேன்.

மே 11

மூன்று நாளாக என் மேல் பாயவில்லை.

மே 14

இன்று வேறு தகராறு. சந்தையில் வாங்கிய இரண்டு விடைக்கோழிகளை (இன்னும் முட்டையிடாத இளம் பெட்டைகள்) நோய்க்குப் பயந்து இரண்டு வாரம் தனியாக வைத்திருந்தேன். நேற்று பட்டப்பகலில் நேராகக் கூட்டத்தில் விட்டது தப்பு. எங்கள் பெட்டைகளில் ஒருத்தியான கருப்பி, அவற்றில் ஒன்றின் பின்தலையைக் கொத்திச் சிறகு இல்லாமல் ஆக்கிவிட்டாள். ரத்தச் சிவப்பைப் பார்த்ததும், அதுவரை சும்மா இருந்த கோழிகளும் சேர்ந்துகொண்டன. இன்னும் ஒரு மணி நேரம் கவனிக்காமல் இருந்திருந்தால் அது செத்திருக்கும். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசி, சிவப்பு தெரியாதபடி மூடி, பிரித்துவைத்தேன்.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரரான ஷெல்டரப்-எப்பே சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துவந்து, 1920களின் தொடக்கத்தில் இதை ஆராய்ச்சியாகவே எழுதினார். தீனிக்கு, தண்ணீருக்கு, ராத்திரி ஏறி உட்காரும் கட்டைக்கு, எல்லாவற்றுக்கும் அந்த வரிசைதான். புதிதாக வருவது கடைசியில் நிற்க வேண்டும். கொஞ்சம் கொத்து விழத்தான் செய்யும், அதைத் தடுக்கவே முடியாது. ரத்தம் வந்தால் மட்டும் உடனே உள்ளே புக வேண்டும்.

எங்கள் கொட்டிலில் அதற்கு மேலும் காரணம் இருந்தது. கத்திரி வெயிலில் எல்லாம் ஒரே முருங்கை நிழலில் நெருக்கி நின்றன, இருந்தது ஒரே தண்ணீர்ச் சட்டி. கருப்பி அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டால் மற்றது எப்படிக் குடிக்கும்? இன்னும் இரண்டு சட்டியை ஒன்றிலிருந்து ஒன்று தெரியாத இடங்களில் வைத்தேன். தென்னங்கீற்றில் ஒரு பந்தலும் போட்டேன். பல வாரமாகக் கம்பும் குருணையும் மட்டுமே போட்டுவந்திருக்கிறோம். புரதம் குறைந்தால் சிறகைப் பிடுங்கித் தின்னும் பழக்கம் வரும். பானை கவிழ்த்துக் கரையான் பிடிப்பதை அத்தை திரும்ப ஆரம்பித்திருக்கிறார். தீனியில் கருவாட்டுத் தூளும் கொஞ்சம்.

கருப்பி இப்போது பஞ்சாரத்துக்குள். காயம்பட்டதும் அதன் ஜோடியும் கம்பிவலைக்கு அந்தப் பக்கம். எல்லோரும் பார்க்கலாம், கொத்த முடியாது.

மே 17

குஞ்சுகளோடு இருக்கும் புள்ளிக்கோழி அத்தை கையைக் கொத்திவிட்டது. இதைத் திருத்த எதுவும் இல்லை. பருந்துக்கும் கீரிக்கும் எதிராக அது அப்படித்தான் நிற்க வேண்டும். குஞ்சுகள் பெரிதாகி அதுவே பிரித்துவிடும்வரை நாம்தான் தள்ளி நிற்க வேண்டும்.

மே 23

விடைக்கோழிகளை ராத்திரி இருட்டில் கட்டையில் ஏற்றி உட்காரவைத்தேன், இரண்டையும் சேர்த்தே. தனியாக ஒன்று போனால் எல்லாக் கொத்தும் அதன் மேலேயே விழும். இரண்டு நாள் கழித்துக் கருப்பியைத் திறந்துவிட்டேன். இல்லாத நாட்களில் வரிசை மாறிவிட்டது. திரும்பி வந்தவள் இரண்டு கோழிகளிடம் தோற்றுப் போய்க் கொஞ்சம் அடங்கியிருக்கிறாள்.

மே 30

செவலை என்னைக் கண்டால் இப்போது ஒதுங்கிப் போகிறது. அந்தத் தைரியத்தில் மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு போனேன். அவளைப் பார்த்ததும் இறக்கையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் அடியெடுத்து வந்தது. உடனே அவளைத் தூக்கிக்கொண்டேன்.

எனக்கு அடங்குவது அவளுக்கு அடங்குவது ஆகாது. முறம் பிடித்து நிற்பதை ஒரு குழந்தை கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஜூன் 3

முருங்கைக்கு அந்தப் பக்கம் வலைக்கூண்டு கட்டி முடித்தோம். செவலையும் மூன்று பெட்டைகளும் அதில். மூன்றில் ஒன்று கருப்பி. தாழ்ப்பாளை என் தலை உயரத்தில் வைத்தேன். மகள் வெளியிலிருந்து பார்க்கலாம், உள்ளே போகக் கூடாது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றும் நினைத்தேன், ஆனால் அந்த வீட்டிலும் ஒரு குழந்தை இருந்தால்?

கொட்டிலில் இப்போது சேவல் என்று இருப்பது மயில் நிறத்து இன்னொன்று மட்டும். ஒன்பது பெட்டைக்கு அது ஒன்று போதும்.

குணமும் முட்டை வழியே இறங்கும் என்பதால் செவலையின் குஞ்சு எனக்கு வேண்டாம். கூண்டு முட்டை சமையலுக்கு. வெளியே இருக்கும் பெட்டைகளிலும் செவலையோடு சேர்ந்ததன் பலன் இரண்டு மூன்று வாரம் தங்கும். அதனால் இந்த மாதக் கடைசிவரை எதையும் அடைக்கு வைக்கப் போவதில்லை என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். சரி என்றார். ஆடியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் மகள் வலை வழியாகக் கம்பு போட்டாள். செவலை தானியத்தை அலகில் எடுத்து எடுத்துக் கீழே போட்டு, பெட்டைகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவை வந்து தின்னும்வரை அது ஒன்றும் தின்னவில்லை.