முன்பணம் கட்டி வாங்கிய மின்சாரத்துக்கு நான்கு நடை

2024 நவம்பர் 21. இன்று மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு எனக்கு வர வேண்டிய இரண்டு மின்சார டோக்கனும் (முன்பணம் கட்டினால் கிடைக்கும், மீட்டரில் அழுத்த வேண்டிய எண்கள்) கைக்கு வந்தன. ஒரு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். மீட்டரை ரீகோட் செய்யக் கடைசி நாளான நவம்பர் 24-க்கு இன்னும் மூன்றே நாள்தான் இருக்கிறது, தென்னாப்பிரிக்காவில் ப்ரீபெய்டு மீட்டர் வைத்திருக்கும் நம்மவர்கள் யாராவது என்னைப் போல மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் சோறு வைத்துவிட்டு உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

மீட்டரை ரீகோட் செய்வது, அதாவது அதன் உள்ளே இருக்கும் குறியீட்டை மாற்றுவது பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நாம் வாங்கும் ஒவ்வொரு 20 இலக்க டோக்கனிலும் ஒரு நேரக் கணக்கு ஒளிந்திருக்கிறது. 1993 ஜனவரி 1-லிருந்து நிமிட நிமிடமாக எண்ணிக்கொண்டு வருகிற கணக்கு அது, இந்த 2024 நவம்பர் 24-ஆம் தேதி அந்த எண்ணிக்கைக்கு இடம் தீர்ந்துபோகிறது. அதற்குள் மீட்டரை ரீகோட் செய்துகொள்ளாவிட்டால் புது டோக்கன் எதையும் அது ஏற்காது. இது உலகம் முழுக்க இந்த வகை மீட்டர்களுக்கு உள்ள விஷயம், இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ரீகோட் செய்வதும் சுலபம், காசும் கிடையாது. அடுத்த முறை வாங்கும்போது ரசீதில் மூன்று எண்கள் வரும், முதல் இரண்டு ரீகோட் எண்கள், மூன்றாவது நாம் வாங்கிய யூனிட். வரிசை மாறாமல் அழுத்தினால் முடிந்தது.

எனக்கு நடந்தது வேறு. ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் நகராட்சி மின்கட்டணம் ஏறும். இந்த வருடம் ஏறக்குறைய 12.7 சதவீதம். அதனால் மே, ஜூன் இரண்டு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஆயிரம் ராண்டுக்கு ஒன்றாக ஐந்து டோக்கன் வாங்கி நோட்டில் எழுதி வைத்திருந்தேன். (சில நகராட்சிகளில் ஒரே மாதத்தில் நிறைய வாங்கினால் யூனிட் விலையே ஏறிவிடும், உங்கள் ஊரில் எப்படி என்று பார்த்துவிட்டுச் சேர்த்து வையுங்கள். எங்கள் வீட்டுக் கட்டணத்தில் அது கிடையாது.) அக்டோபர் வரைக்கும் மூன்று டோக்கன் செலவாகி இரண்டு மிச்சம். அப்போதுதான் வாடகை வீட்டின் சொந்தக்காரர் வாட்ஸப்பில் ரீகோட் செய்துவிடுங்கள் என்று செய்தி அனுப்பினார், நானும் பொறுப்பாக 50 ராண்டுக்கு ஒரு டோக்கன் வாங்கி மூன்று எண்களையும் அழுத்தினேன். எல்லாம் ஏற்றுக்கொண்டது. ஒரு வாரம் கழித்து யூனிட் குறைந்தபோது நோட்டில் இருந்த பழைய டோக்கனை அழுத்தினால், செல்லாது என்கிறது. அடுத்ததும் அப்படியே.

ரீகோட் செய்தால் மீட்டரின் பூட்டே மாறிவிடும், பழைய டோக்கன் பழைய சாவி. கையில் இருப்பதை எல்லாம் போட்டு முடித்துவிட்டுத்தான் ரீகோட் எண்ணை அழுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை நகராட்சி மின் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தது, நான் போய் நின்றபிறகு பார்த்தேன். எனக்கு வந்த வாட்ஸப் செய்தியில் அந்த வரி இல்லை. தயவுசெய்து வீட்டில் இருக்கும் பழைய டோக்கன்களை இன்றைக்கே போட்டுவிடுங்கள், ஒரே நாளில் ஐந்து போட்டாலும் யூனிட் சேர்ந்துகொள்ளும், எங்கும் போகாது.

முதல் நடை அக்டோபர் 21. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். காலை ஆறரைக்கே வரிசை கேட்டுக்கு வெளியே வந்துவிட்டது, எல்லாம் ரீகோட் கூட்டம். பத்தேகால் மணிக்கு கவுன்ட்டரை அடைந்தேன், சிஸ்டம் வேலை செய்யவில்லை, கால் சென்டருக்குப் பேசி ஒரு ரெஃபரன்ஸ் எண் வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். கால் சென்டரில் 50 நிமிடம் பாட்டுக் கேட்டு எண் வாங்கினேன்.

இரண்டாவது நடைதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. கவுன்ட்டரில் இருந்தவர் என் மீட்டர் எண்ணைப் போட்டுப் பார்த்தார், முகம் மாறியது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் நீ ஒரு டோக்கன்கூட வாங்கவில்லை, அப்புறம் 50 ராண்டுக்கு மட்டும் வாங்கியிருக்கிறாய், அப்படியானால் மூன்று மாதம் வீட்டில் விளக்கு எப்படி எரிந்தது என்று கேட்டார். சத்தமாக. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மீட்டருக்கு வெளியே வயர் இழுத்துத் திருடுகிறவர்கள் டோக்கன் வாங்க மாட்டார்கள் அல்லவா, அதனால் வாங்காதவர்களை எல்லாம் கணினி தனிப் பட்டியலில் போட்டுவிடுகிறது, அதில் நானும் இருந்தேன். மே, ஜூன் ரசீதுகளைக் காட்டினேன், ஐந்தாயிரம் ராண்ட் முன்கூட்டியே கட்டியிருக்கிறேன் என்றேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து சீல் உடையவில்லை என்று அறிக்கை கொடுத்தால்தான் மேற்கொண்டு பேச முடியும், 14 வேலை நாள் ஆகும், அடுத்த ஆள் வரலாம்.

வெளியே வந்தால் கேட் பக்கத்தில் ஒருவர். மீட்டர் பிரச்சினையா, 1500 ராண்ட் கொடுங்கள், இனிமேல் டோக்கனே வாங்க வேண்டாத மாதிரி செய்து தருகிறேன் என்கிறார். அலுவலக வாசலிலேயே. உள்ளே செய்யாத குற்றத்துக்குத் திருடி என்கிறார்கள், வெளியே அந்தக் குற்றத்தை விற்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, பஸ்ஸில் கணவரிடம் போனில் பேசக்கூட முடியவில்லை.

இந்தக் கோபம் ஒரு குமாஸ்தா மேல் மட்டும் உள்ள கோபம் இல்லை. நாங்கள் 2015-இல் இங்கே வந்தோம். நகராட்சிகளுக்கு மின்சாரம் விற்கும் அரசு நிறுவனமான எஸ்காம் இந்தப் பத்து வருடத்தில் என்ன ஆனது என்பதை வீட்டுக்குள் இருந்தே பார்த்திருக்கிறோம். புது மின்நிலையம் கட்டாவிட்டால் 2007 வாக்கில் மின்சாரம் போதாது என்று 1998-இலேயே அரசின் வெள்ளை அறிக்கை எழுதியிருந்தது, எஸ்காமும் அதையே சொன்னது, அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை, 2007 டிசம்பரில் அப்போதைய அதிபர் தாபோ எம்பெக்கியே எஸ்காம் சொன்னது சரி, அரசு செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். பிறகு அவசரம் அவசரமாக மெடூப்பி, குசிலே என்று இரண்டு பெரிய நிலக்கரி மின்நிலையங்கள். குசிலேயில் கடைசி மின் உற்பத்திப் பிரிவு 2024 நவம்பரிலும் முடியவில்லை. அவற்றுக்குக் கொதிகலன் ஒப்பந்தம் எடுத்த ஹிட்டாச்சியின் உள்ளூர் நிறுவனத்தில் ஆளும் கட்சியின் முதலீட்டு நிறுவனமான சான்சலர் ஹவுஸுக்கே 25 சதவீதப் பங்கு. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2015-இல் இதற்காக ஹிட்டாச்சியிடம் 19 மில்லியன் டாலர் வசூலித்தது. குசிலே ஒப்பந்தத்தில் முறைகேடாக வாங்கியதற்கு ஏபிபி நிறுவனம் 2020-இல் 1.56 பில்லியன் ராண்டைத் திருப்பிக் கட்டியது.

இந்தியாவிலிருந்து வந்து, அதிபராக இருந்த ஜேக்கப் ஸூமாவோடு நெருக்கமாக இருந்த தொழிலதிபர்கள் குப்தா சகோதரர்கள், அவர்கள் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். அவர்களுடைய டெகெட்டா நிறுவனம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தை வாங்கப் பணம் போதாமல் நின்றபோது, 2016 ஏப்ரலில், வராத நிலக்கரிக்கு 659 மில்லியன் ராண்டை எஸ்காம் முன்பணமாகக் கொடுத்தது. ஒரே ராத்திரியில் முடிவெடுத்துக் கொடுத்தார்கள். இதையெல்லாம் அரசு ஊழலை விசாரித்த ஸோண்டோ கமிஷன் வரிவரியாக எழுதி வைத்திருக்கிறது. நான் முன்பணம் கட்டியதை நிரூபிக்க மூன்று ரசீது, பாஸ்போர்ட் நகல், வாடகை ஒப்பந்தம், இன்ஸ்பெக்டர் அறிக்கை. அவர்களுக்கு எந்த வரிசையும் இல்லை. அன்று பஸ்ஸில் அதைத்தான் நினைத்துக்கொண்டே வந்தேன்.

2023-இல் எஸ்காமின் தலைமை நிர்வாகியாக இருந்த ஆந்த்ரே டி ரைட்டர் மாதம் ஒரு பில்லியன் ராண்ட் திருட்டுப் போகிறது என்று டிவியில் சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடம் 300 நாளுக்கு மேல் மின்வெட்டு, என் மகன் பரீட்சைக்கு எமர்ஜென்சி லைட்டில்தான் படித்தான். 2024 மார்ச் 26-லிருந்து இந்த நவம்பர் வரை மின்வெட்டு இல்லை, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன், பெரிய நிம்மதி. ஆனால் பில் நம்மிடம்தான் வருகிறது. எஸ்காம் கட்டணம் 2023-இல் 18.65 சதவீதம் ஏறியது, 2024-இல் 12.74, 2025-க்கு 36 சதவீதம் கேட்டு இந்த வாரம்தான் பொது விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. நகராட்சிகள் எஸ்காமுக்கு வைத்திருக்கும் பாக்கியே 2024-இல் 90 பில்லியன் ராண்டுக்கு மேல். நாம் முன்கூட்டியே கட்டும் காசு வழியில் எங்கோ நின்றுவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்ஸ்பெக்டர் நவம்பர் 8 அன்று வந்தார், நல்ல மனிதர், சீல் பத்திரமாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் சந்தோஷத்தில் அதைச் சரியாகப் படிக்கவில்லை. 12-ஆம் தேதி மூன்றாவது நடை, கவுன்ட்டரில் பார்த்தால் அறிக்கையில் மீட்டர் எண்ணின் ஒன்பதாவது இலக்கம் 7-க்குப் பதில் 1. திரும்பிப் போ. இன்ஸ்பெக்டர் கிளம்பும் முன்பே அந்த எண்ணை மீட்டரோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள், மீட்டரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். எனக்கு அந்த ஒரு இலக்கத்துக்கு ஒன்பது நாள்.

அன்று வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். டர்பன்காரர், கொள்ளுத்தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தமிழ் பேச வராது, ஆனால் என் பொட்டைப் பார்த்துவிட்டு வணக்கம் சொன்னார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து என்னம்மா என்று அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் கேட்டு, மீதியை ஆங்கிலத்தில் கேட்டார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், கவுன்ட்டரில் இருப்பவருக்கு டோக்கனை மாற்றிக் கொடுக்கும் அதிகாரமே கிடையாதாம், பின்கட்டில் ப்ரீபெய்டு விற்பனைப் பிரிவு மேற்பார்வையாளர் ஒருவர் உண்டு, அவரைத்தான் கேட்க வேண்டும். போகும்போது ஒரு அஃபிடவிட் கொண்டு போ என்றார். என்ன வாங்கினோம், எந்தத் தேதி, எந்த எண்கள் செல்லவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி, பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் முத்திரை வாங்கலாம், அங்கே காசு கேட்க மாட்டார்கள். பாஸ்போர்ட் நகலையும் அங்கேயே அட்டெஸ்ட் செய்து தருவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரை என்றால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதையும் அவர்தான் சொன்னார். மே, ஜூன் மாதத்து பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்துக்கொண்டேன்.

திருத்திய அறிக்கை நேற்று சாயங்காலம் வந்தது. இன்று நான்காவது நடை. கவுன்ட்டரில் நிற்காமல் நேரே மேற்பார்வையாளரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று, ஆனால் கூப்பிட்டார்கள். அந்த அம்மா ரசீதையும் அஃபிடவிட்டையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏழே நிமிடத்தில் முடித்தார். ஏழு நிமிட வேலைக்கு ஒரு மாதம்.

அதிலும் ஒரு இடத்தில் விழித்துக்கொண்டேன். இரண்டாயிரம் ராண்டுக்கு இப்போதைய விலையில் கணக்குப் போட்டு 632 யூனிட் என்று திரையில் வந்தது. நான் ஜூலைக்கு முன்னால் பழைய விலையில் வாங்கியது 712 யூனிட், ரசீதிலேயே அச்சாகியிருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, ஏற்கெனவே விற்ற மின்சாரத்தைக் கொடுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு சரி என்று 712 போட்டார். 80 யூனிட், எங்கள் வீட்டில் ஒரு வாரம் ஓடும். நீங்களும் யூனிட் கணக்கில் கேளுங்கள், ராண்ட் கணக்கில் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டையும் அழுத்தினேன், ஏற்றுக்கொண்டது. சந்தேகப் பட்டியலிலிருந்து என் மீட்டரை எடுத்துவிட்டார்களா என்று அந்த அம்மாவிடம் கேட்டதற்கு, அது வேறு பிரிவு, அவர்கள் எப்போது எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது என்றார். இன்ஸ்பெக்டர் அறிக்கையில் ஒரு நகலை முத்திரை போட்டு வாங்கி வந்தேன். பிளாஸ்டிக் கவரில் போட்டு, மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன், நான் வீட்டில் இல்லாத நேரத்தில் யாராவது துண்டிக்க வந்தால் முதலில் அது கண்ணில் படட்டும்.