பணம் அனுப்பும் கடைக்குப் பக்கத்தில்தான் நல்ல சாப்பாடு

சிங்கப்பூரில் பர்மியச் சாப்பாடு எங்கே, பிலிப்பினோச் சாப்பாடு எங்கே என்று கூகிளில் தேடினால் முதலில் வந்து நிற்பவை விளம்பரங்களும் "சிறந்த பத்து" பட்டியல்களும்தான். அவற்றைத் தள்ளிவிட்டு வேறொரு கேள்வி கேளுங்கள். அந்த நாட்டுக்குப் பணம் அனுப்பும் கடைகள் எந்தக் கட்டடத்தில் இருக்கின்றன? சாப்பாடும் அங்கேதான் இருக்கும்.

காரணம் எளிது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பணம் அனுப்ப வருகிறவர்கள் அங்கேயே கைப்பேசிக்குக் காசு போட்டுக்கொள்கிறார்கள், ஊர்ச் சாமான் வாங்குகிறார்கள், கூட்டாளிகளைப் பார்க்கிறார்கள், பசியாறுகிறார்கள். அம்மா கைச் சமையலில் அந்த உணவைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் அங்கே சமையல்காரர் பதில் சொல்ல வேண்டும். சுற்றுலாப் பயணிக்காகப் புளிப்பைக் குறைக்கவும், வாடை வரும் என்று கருவாட்டை எடுத்துவிடவும் அவருக்கு வழியில்லை. லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எந்தக் கடையில் மொய்க்கிறது, ஏன் மொய்க்கிறது என்பது தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே கணக்கு மற்ற நாட்டாருக்கும் பொருந்தும்.

ஞாயிறு இவ்வளவு முக்கியமானதற்குச் சட்டமும் ஒரு காரணம். வீட்டுப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்ற விதி 2013இல் வந்தது. அந்த ஓய்வுக்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிடலாம் என்று அப்போது இடம் இருந்தது. 2023 முதல் மாதத்தில் ஒருநாளையாவது அப்படிப் பணத்தால் ஈடுகட்ட முடியாது. ஆகவே இந்தக் கட்டடங்களில் ஞாயிறு காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை நிற்க இடமிருக்காது. ஆனால் குழம்புகள் புதிதாக இருப்பதும் வகை நிறைய இருப்பதும் அந்த நேரத்தில்தான். பதினொன்றரைக்குள் போய்விடுவது நல்லது. நான்கு மணிக்குப் போனால் தட்டில் எஞ்சியதைத்தான் தருவார்கள், அதுவும் ஆறிப்போயிருக்கும். கூட்டம் ஒத்துவராதவர்கள் வாரநாள் மதியம் போகலாம். சில கடைகள் திங்களோ செவ்வாயோ மூடியிருக்கும், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

முகவரியைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தக் கடைகள் எல்லாம் பழைய கடைத்தொகுதிகளுக்குள் இருப்பதால் கைப்பேசி வரைபடம் கட்டடத்தின் வாசலோடு நின்றுவிடும். அதற்கப்பால் வழிகாட்டுவது கடை எண்தான். 03-21 என்றால் மூன்றாம் தளம், 21ஆம் எண் கடை. பி1 என்று தொடங்கினால் நிலத்தடித் தளம். தெருமட்டத் தளமே இங்கே 01. நம் ஊர் வழக்கப்படி அதைத் தரைத்தளம் என்று எண்ணி ஒரு மாடி கூடுதலாக ஏறிவிட்டுக் கடையைக் காணோமே என்று திரும்பி வருகிறவர்கள் பலர்.

சிட்டி ஹால் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு எதிர்ப்பக்கம் பெனின்சுலா பிளாசா. இதுதான் சிங்கப்பூரின் குட்டி பர்மா. உள்ளே போனதும் வட்டவட்டமான பர்மிய எழுத்துப் பலகைகள், முகத்தில் அரைத்துப் பூசும் தனக்கா பட்டை, மீன் கருவாடு, பொட்டலம் கட்டிய தேயிலை. சென்னையில் பாரிமுனைப் பக்கம் அத்தோ என்கிற பிசைந்த நூடுல்ஸ் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சாவி கையிலேயே இருக்கிறது. பர்மியத்தில் 'அதோக்' என்றால் கையால் பிசைந்து கலந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் சென்னைக்குக் கொண்டுவந்த அத்தோ அந்தச் சொல்தான். எனவே பட்டியலில் 'தோக்' என்று முடிகிற எதுவும் பிசைந்த வகை. 'கௌக் ஸ்வே தோக்' கேட்டால் அத்தோவுக்கு மிக நெருங்கிய பதார்த்தம் வரும். சென்னையில் நொறுக்கிப் போடும் பேஜோவும் பர்மாவிலிருந்து போனதுதான். பருப்பைப் பொரித்த 'பே ஜோ'.

முதல்முறை போகிறவர்கள் மொஹிங்கா கேளுங்கள். மெல்லிய அரிசி நூடுல்ஸ் மேல் கெளுத்தி மீன் குழம்பு. எலுமிச்சம்புல், இஞ்சி, பூண்டு, மஞ்சள் போட்டு வேகவைத்து, மீனை உதிர்த்து, வறுத்த அரிசி மாவோ கடலை மாவோ கரைத்துவிட்டுக் கெட்டியாக்குவார்கள். உள்ளே வாழைத்தண்டு வட்டங்கள் கிடக்க வேண்டும். கிண்ணம் வந்ததும் கரண்டியால் ஒருமுறை அடியிலிருந்து கிளறிப் பாருங்கள். குழம்பு நூடுல்ஸில் மெல்லிசாக ஒட்டிக்கொண்டு வந்தால் பதம் சரி. தண்ணீராக வழிந்தால் மாவு போதவில்லை. களியாக நின்றால் அடுப்பில் அதிக நேரம் கிடந்திருக்கிறது. எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூள் தூவி, கூட வரும் பே ஜோவை நொறுக்கிப் போட்டு உடனே சாப்பிடுங்கள். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் அது ஊறிப்போகும், பாதி ருசி போய்விடும்.

அடுத்த முறை சோறும் குழம்பும். பர்மியக் கறியில் மேலே எண்ணெய் மிதக்கும். அதைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு, அது பெரிய நஷ்டம். 'ஸீ ப்யான்' என்பார்கள், எண்ணெய் திரும்பி வருவது. வெங்காயமும் பூண்டும் கரைந்து நீர் வற்றி எண்ணெய் பிரிந்து வரும்வரை சமைத்தார்கள் என்பதற்கு அடையாளம். நம் வீட்டில் சொல்லும் பக்குவமேதான். எண்ணெய் வேண்டாமென்றால் ஓரமாக ஒதுக்கிவிட்டு அடியிலுள்ள விழுதை எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே வரும் பச்சைக் காய்களை ஙாப்பி என்கிற புளித்த மீன் விழுதைக் கரைத்த சாற்றில் தொட்டுத் தின்பதுதான் முறை. லபே தோக் என்னும் தேயிலைச் சாலட் அற்புதம். புளிக்கவைத்த தேயிலை, பொரித்த பருப்பு, வேர்க்கடலை, எள், முட்டைக்கோஸ், தக்காளி. ஆனால் அது நிஜத் தேயிலை. இரவு எட்டு மணிக்கு ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டால் தூக்கம் வராது.

ஆர்ச்சர்டு சாலையின் லக்கி பிளாசா பிலிப்பினோக்களின் இடம். ஜாலிபீ என்ற அவர்கள் ஊர்க் கோழிக் கடை 2013இல் சிங்கப்பூரில் முதல் கிளையைத் திறந்ததும் இங்கேதான். ஆனால் நீங்கள் தேட வேண்டியது 'துரோ துரோ' கடைகளை. துரோ என்றால் விரலால் காட்டுவது. கண்ணாடிக்குப் பின்னால் தட்டுகள் வரிசையாக இருக்கும். சோற்றோடு இரண்டு வகை காட்டினால் போதும், பேர் தெரிய வேண்டியதில்லை. இங்கே தமிழ் நாக்கு ஏமாறும் இடம் காரம். பிலிப்பினோச் சமையலில் மிளகாய் முன்னே நிற்காது, புளிப்பும் உப்பும்தான் முன்னே நிற்கும். அடோபோ என்ற இறைச்சிக் குழம்புக்கு வினிகர், சினிகாங் என்ற சூப்புக்குப் புளி. சினிகாங் நம் ரசத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டு குடித்தால் உடனே பிடித்துப்போகும். காரம் வேண்டுமென்றால் சோயா, கலமான்சி எலுமிச்சை, சின்ன மிளகாய் மூன்றையும் கேட்டு வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள். அவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பாய லேபார் ரயில் நிலையத்துக்கு அருகே சிட்டி பிளாசா இந்தோனேசியர்களுடையது. ஆயாம் பெஞெட், பக்சோ என்ற இறைச்சி உருண்டை, சோத்தோ என்ற சூப். பொரித்த கோழியை இடித்து நசுக்கி சம்பலோடு தருவதுதான் பெஞெட். தொட்டால் சதை நாரோடு பிரிய வேண்டும். நசுக்காமல் சும்மா பொரித்து வைத்திருந்தால் அது வேறு கோழி.

மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தவிர்ப்பவர்கள் சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பட்டியலில் ஆங்கிலம் எப்போதும் இருக்காது. இந்தோனேசியத்தில் சாப்பி மாடு, பாபி பன்றி. பிலிப்பினோவில் பாக்கா மாடு, பாபோய் பன்றி. தாய்லாந்து மொழியில் நுவா மாடு, மூ பன்றி, காய் கோழி. பர்மியத்தில் அமெ தா மாடு, வெட் தா பன்றி, செட் தா கோழி. வியட்நாமிய நூடுல்ஸ் சூப்பான ஃபோ வாங்கும்போது 'போ' என்றால் மாடு, 'கா' என்றால் கோழி. பன்றி இல்லை, பன்றிக்கொழுப்பு இல்லை என்று எழுதி ஒட்டியிருப்பது ஹலால் ஆகிவிடாது. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள்.

சைவம் இன்னும் கஷ்டம். காய் மட்டும் போட்ட தட்டிலும் மீன் சாறு, காய்ந்த இறால் தூள், பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். லபே தோக்கில் இறால் தூள் வழக்கமாக விழும், முன்கூட்டியே வேண்டாமென்று சொல்ல வேண்டும். "கறி வேண்டாம்" என்றால் மீன் சாறு போட்டுத்தான் தருவார்கள். அவர்கள் கணக்கில் அது கறி இல்லை. அந்தந்த மொழியில் முழுச் சைவத்துக்கு உள்ள சொல்லைச் சொன்னால்தான் புரியும். தாய்லாந்து மொழியில் 'ஜே', வியட்நாமியத்தில் 'சாய்', பர்மியத்தில் 'தெத் தத் லுத்'. சீனச் சைவக் கடைகளில் பெரும்பாலும் வெங்காயம், பூண்டுகூட இருக்காது, ஆனால் போலி இறைச்சி வகைகளில் முட்டை இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பட்டியல்களை நம்பிப் போகிறவர்கள் இன்றும் ஏமாறுவது பீச் சாலையில். குட்டித் தாய்லாந்து என்று பேர்பெற்ற கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 1973இல் கட்டி முடிந்தது. 2021இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. பிறகு கைமாறி, 2023 மே மாதத்தோடு கடைக்காரர்கள் வெளியேறினார்கள். கடைகள் பல திசைகளுக்குப் பிரிந்தன. தாய் சூப்பர்மார்க்கெட் அப்பீரியா கடைத்தொகுதிக்குப் போனது. ஆகவே எந்தக் கடைக்கும் கிளம்புமுன் விமர்சனங்களைப் புதியது முதல் என்று வரிசைப்படுத்தி, கடைசி ஒரு மாதத்தில் யாராவது படம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நட்சத்திர எண்ணிக்கையைவிட அந்த நாட்டு எழுத்தில் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்பது முக்கியம். உணவின் பெயரை அந்த நாட்டு எழுத்திலேயே வெட்டி ஒட்டித் தேடினால் ஆங்கிலத் தேடலில் வராத கடைகள் வெளியே வரும்.

சீனாவின் சிச்சுவான் சமையலுக்குச் சைனாடவுன் ரயில் நிலையத்தருகே பீப்பிள்ஸ் பார்க் பக்கம் போங்கள். மாலா சியாங் குவோ என்ற காரமான மசாலா வதக்கல் விற்கும் கடையில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வேண்டியதை நீங்களே பொறுக்கிப் போட வேண்டும். எடைக்குத்தான் விலை, 100 கிராமுக்கு இவ்வளவு என்று. இறைச்சிக்கு ஒரு விலை, காய்க்கு ஒரு விலை. கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் அள்ளினால் ஒரு ஆளுக்கே முப்பது வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) நெருங்கிவிடும். ஒருவருக்கு நூடுல்ஸ் தவிர 300 முதல் 350 கிராம் போதும். கீரை வகைகளைத் தண்ணீர் சொட்டச் சொட்டப் போடாதீர்கள். அந்தத் தண்ணீருக்கும் காசு, வாணலியில் அதுவே மசாலாவை நீர்க்கவும் வைக்கும். தாமரைக் கிழங்கு, உருளை, மரக்காளான் மூன்றும் மசாலாவை நன்றாகப் பிடிக்கும். பொரித்த தோஃபு எண்ணெயை முழுக்கக் குடித்துவிடும், இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காரம் எவ்வளவு என்று கேட்பார்கள். "நாங்கள் பார்க்காத மிளகாயா" என்று 'தா லா' (அதிகக் காரம்) சொல்வதுதான் நம்மவர்கள் செய்யும் தவறு. லா மிளகாய்க் காரம், மா என்பது சிச்சுவான் மிளகின் மரத்துப்போகும் குணம். நாக்கு மரத்துவிட்டால் வேறு ருசி எதுவும் தெரியாது. உப்பும் காரத்தோடு சேர்ந்து ஏறும், ஏனென்றால் விழுது கூடும்போது உப்பும் கூடுகிறது. முதல்முறை 'சியாவ் லா' (குறைந்த காரம்) போதும், பிறகு 'சோங் லா'வுக்கு (நடுத்தரக் காரம்) ஏறலாம். மாடு சாப்பிடாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிச்சுவான் ஹாட்பாட் விழுதில் மாட்டுக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். காய் மட்டும் எடுத்தாலும் குழம்பில் அது இருக்கும், கேட்காமல் உட்காராதீர்கள்.

தஞ்சோங் பகாரின் கொரியக் கடைகள், சாமர்செட் அருகே கப்பேஜ் பிளாசாவின் ஜப்பானியக் கடைகள் வேறு வகை. அங்கே வருகிறவர்கள் நிறுவன வேலைக்காரர்கள், விலையும் அதற்கேற்பத்தான். மதிய செட் சாப்பாடு இரவைவிட மலிவு, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வியட்நாமியத்துக்கு ஜூ சியாட் சாலை. அரபு வீதியின் துருக்கி, லெபனான் கடைகள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கானவை.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். 40 வெள்ளிச் சாப்பாடு முதலில் 44 ஆகி, வரியோடு 47.96இல் முடியும். சீன உணவகங்களில் கேட்காமலே மேசையில் வைக்கும் வேர்க்கடலை, ஊறுகாய், ஈரத்துண்டு எல்லாவற்றுக்கும் காசு உண்டு. வேண்டாமென்றால் உட்கார்ந்த உடனே எடுத்துப்போகச் சொல்லலாம்.

கடைசியாக, நம் தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரத்திலேயே இருந்தும் நம்மில் பலர் கால் வைக்காத லெம்பு சாலை. மலாயில் லெம்பு என்றால் மாடு. இந்த வட்டாரம் ஒருகாலத்தில் மாட்டு வணிகத்தில் வாழ்ந்தது, எருமைச் சாலை என்று பொருள்படும் கெர்பாவ் சாலையும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. இன்று லெம்பு சாலையும் டெஸ்கர் சாலைப் பக்கமும் வங்காளதேசத் தொழிலாளர்களின் ஞாயிற்றுக்கிழமை. சோறு, பருப்பு, பச்சைக் கடுகெண்ணெயும் மிளகாயும் போட்டுப் பிசைந்த உருளை பர்த்தா, கடுகில் வெந்த இலிஷ் மீன். நாம் உள்ளம் என்று சொல்லும் அதே மீன். முள் மயிரிழையாக இருக்கும். கரண்டியை ஒதுக்கிவிட்டு, கையால் சிறு துண்டாகப் பிய்த்து விரல் நுனியில் முள்ளை உணர்ந்து எடுத்துப் போட்டுவிட்டுச் சோற்றோடு பிசையுங்கள். வயிற்றுப் பக்கத் துண்டு கேட்டு வாங்குங்கள். கொழுப்பு அங்கேதான், முள்ளும் அங்கே பெரிதாக இருப்பதால் எடுப்பது சுலபம்.