பார்வை வந்த நாளில்

நேற்று ராத்திரி பைபிளில் யோவான் 9ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். எருசலேமில் பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர். அவரைப் பார்த்ததும் சீடர்களுக்கு வந்த கேள்வி, "யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா?" இயேசு தரையில் துப்பி, சேறு குழைத்துக் கண்ணில் பூசி, சீலோவாம் குளத்தில் கழுவச் சொல்கிறார். பார்வை வந்துவிட்டது. ஆனால் கூடச் சேர்ந்து சந்தோஷப்பட ஒரு ஆளைக் காணோம்!

"இங்கே பிச்சையெடுத்தவன்தானே?" "இல்லப்பா, அதே ஜாடை" என்று அக்கம்பக்கத்தில் வாக்குவாதம். யூத மதச் சட்டத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றிய பரிசேயருக்கோ, வேலை செய்யக்கூடாத ஓய்வுநாளில் இயேசு இதைச் செய்தார் என்பதுதான் பிரச்சினை. அவர்களிலும் சிலர் "பாவியால் இப்படிச் செய்ய முடியுமா?" என்று கேட்டார்கள். அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

என்னை உறுத்துவது பெற்றோர்தான். "எங்கள் மகன்தான். எப்படிப் பார்வை வந்ததென்று தெரியாது. பெரியவனாகிவிட்டான், அவனையே கேளுங்கள்." யூதர்கள் கூடி வழிபடும் ஜெப ஆலயத்திலிருந்து தள்ளிவிடுவார்கள் என்ற பயம். புரிகிறது, ஆனாலும் மகன் முதல்முதலாக அவர்கள் முகத்தைப் பார்த்த நாளாக இருந்திருக்குமே அது.

மகனுக்குப் பயமே இல்லை. திரும்பத் திரும்ப விசாரித்தவர்களிடம், "ஏன், நீங்களும் அவருக்குச் சீடராகப் போகிறீர்களா?" என்று கேட்டார் பாருங்கள்! வெளியே தள்ளிவிட்டார்கள். அப்புறம் இயேசுவே அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்.