வருவதை முதலில் வாங்கிக்கொள்

சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கை எங்கள் கடைக்குக் கொண்டுவருகிறவர்கள், பெரும்பாலும் வீட்டிலேயே ஒரு சுற்று வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். விண்டோஸ் 'சரிசெய்யட்டுமா?' என்று கேட்டிருக்கும், இவர்களும் சரி என்று தட்டியிருப்பார்கள். உடனே ஓடும் செக்டிஸ்க் என்ற விண்டோஸ் கருவி, ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை, ஒழுங்குபடுத்தப் பார்க்கும். உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் கவலை இல்லை. அதுவும் மூச்சு வாங்கும் டிஸ்க்கிலேயே எழுதும்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுப் பக்கம் எங்கள் கடை. அல்சூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், நல்லவேளை, எதையும் தட்டாமல் வந்தார். "ரெண்டு கல்யாணம் இதுலதான் இருக்கு தம்பி, வேற காப்பி இல்ல." ஒரு டெராபைட் டிஸ்க். காதருகே வைத்துப் பார்த்தேன், டக் டக் சத்தம் இல்லை. அது கேட்டிருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன். ஹெட், அதாவது டிஸ்க்கைப் படிக்கும் முனை, போன டிஸ்க்கைத் தூசியில்லாத க்ளீன் ரூமில்தான் திறக்க வேண்டும்.

லினக்ஸில் போட்டு, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தால், 197 என்று எண் போட்ட வரியில், அதாவது படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகளின்) கணக்கில், எண் ஏறியிருந்தது. டிஸ்க்கை மவுண்ட் செய்யாமலே, அதாவது ஃபைல்களைத் திறக்கும்படி இணைக்காமலே, கெட்டுப்போகும் டிஸ்க்கை வேறு இடத்துக்குக் காப்பி எடுக்கும் டிடிரெஸ்க்யூவை ஓடவிட்டேன்.

லினக்ஸின் சாதாரண காப்பி கருவியான டிடி கெட்ட இடத்தில் முட்டினால் நின்றுவிடும்; நிற்காதே என்று சொன்னாலும் அங்கேயே மல்லுக்கட்டும். அதற்குள் டிஸ்க் செத்துப்போனால், பின்னால் இருக்கும் நல்ல பகுதியும் போச்சு. டிடிரெஸ்க்யூ தெரிந்த கேள்வியை முதலில் எழுதும் பையன் மாதிரி. சிக்கலான இடத்தைத் தாண்டிப் போய், வருவதையெல்லாம் வாரிக்கொண்டு, பிறகுதான் திரும்பி வரும். எது வந்தது, எது வரவில்லை என்று மேப்ஃபைலில் குறித்துக்கொள்ளும்: வந்தது '+', கெட்டது '-'. அதனால் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டளையில் அந்த ஃபைலின் பெயரைக் கொடுக்க மறக்கிறவர்களை என்ன சொல்ல!

நல்ல டிஸ்க் நொடிக்கு நூறு எம்பி என்று ஓடினால் ஒரு டெராபைட் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். இது சில இடங்களில் கேபிக்கு இறங்கியது. அண்ணன் ஃபோன் போட்டபடியே இருந்தார். 99 சதவீதம் வந்துவிட்டது என்றதும் சந்தோஷப்பட்டார். மீதி ஒரு சதவீதம் பத்து ஜிபி என்று நான் சொல்லவில்லை.

அப்புறம், காப்பியில் மட்டும், படிக்க முடியாத இடங்களிலெல்லாம் ஒரு அடையாளச் சொல்லை நிரப்பினேன். டிடிரெஸ்க்யூவிலேயே அந்த வசதி உண்டு. காப்பியை மவுண்ட் செய்து அந்தச் சொல்லை, ஃபைல்களுக்குள் சொல் தேடும் கிரெப்பில் தேடினால், அடிபட்ட ஃபைல்களின் பெயர் வரிசையாக வந்துவிடும்.

அண்ணன் பட்டியலைப் பார்த்தார். "மாப்பிள்ளை அழைப்புல கொஞ்சம், சாப்பாட்டுப் பந்தியில கொஞ்சம். முகூர்த்தம் தப்பிச்சுது." காசைக் கொடுத்துவிட்டு, பழைய டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இதை ஃபார்மட் பண்ணி எடிட்டிங்குக்கு வச்சுக்கலாமா?"